கஸ்பாருக்கு ஒரு பிக்சர் ட்யூப்

நம்புகிறவர்கள் உள்ளே வந்து உட்காரலாம், நம்பாதவர்கள் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் நான் சொல்லப்போவது ஒரே கதைதான்: தூத்துக்குடியில் கிளிஞ்சல் தெருவில் நானும் கஸ்பார் வாஸும் கூட்டாக நடத்திய வீடியோ கேம் கடையில், ஓர் ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகால் மணிக்கு, முப்பத்தோரு வயதும் ஒரு மனைவியும் இரண்டு வயது மகளும் உள்ள கஸ்பார், கேம் பெட்டியின் கண்ணாடிக்குள் போய்விட்டான்.

கடையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தது, பீரோ உயரம், இரண்டு பக்கமும் விமானப் படம் ஒட்டியது, நடுவில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு திரை. அதில் கீழேயிருந்து மேலே ஒரு குட்டி விமானம் சுட்டுக்கொண்டே போகும், மேலேயிருந்து ஐம்பது விமானம் அதைச் சுட வரும், அவ்வளவுதான் விளையாட்டு. பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிக் கஸ்பார் காலையில் கடை திறந்ததும் அதன் முன்னால் போய் நிற்பான், நின்றால் நின்றதுதான், விளையாட வந்தவர்கள் அவன் முதுகைப் பார்த்து அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு நான் எதிர்க்கடைக்குப் பன் வாங்கப் போய்விட்டு வந்தேன். பெட்டி முன்னால் கஸ்பாரின் செருப்பு இருந்தது, கஸ்பார் இல்லை. நீலக் கோடு போட்ட சட்டையோடு, மார்பளவுக்கு, அவன் கண்ணாடிக்குள் இருந்தான். அவன் சட்டைப் பையின் மேல் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அவனுக்கென்று வாங்கிய பன்னையும் நானே தின்றேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவன் மனைவி ரெஜினாள் மைனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள், கண்ணாடியைத் தட்டினாள், அழுதாள், அவன் உள்ளேயிருந்து வாயை அசைத்தான், சத்தம் வரவில்லை. டிவி மெக்கானிக் ஆவுடையப்பனைக் கூட்டிவந்தோம். அவர் பெட்டியின் பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து, முன்னால் வந்து கஸ்பாரைப் பார்த்து, மறுபடி பின்னால் போய்ப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "ஒரே படம் ரொம்ப நேரம் அசையாம நின்னா ட்யூப்ல பதிஞ்சிரும் அண்ணாச்சி. பதிஞ்சது அழியாது. பஸ் ஸ்டாண்டு டிவியில எல்லாம் நீங்க பார்த்திருப்பீக. இவுக ரொம்ப நேரம் நின்னுட்டாக, அவ்வளவுதான்."

எங்கள் தெருவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், அதற்குமேல் ஒரு விஷயத்தைத் தொந்தரவு செய்ய மாட்டோம். கஸ்பார் பதிந்துவிட்டான், பதிந்தது அழியாது, ஆகவே பதிந்தவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றுதான் மறுநாளிலிருந்து பேச்சு. பெட்டியை அணைத்தால் அவனும் அணைந்துவிடுவானோ என்று பயந்து அதை ஒருநாளும் அணைக்கக் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள், மின்சாரம் போனால் முதலில் பாட்டரியும் பிறகு இன்வெர்ட்டரும் தயாராக இருந்தன, புயல் வருஷத்தில் ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரை ஆறு பேர் தோளில் தூக்கிவந்து கடை வாசலில் வைத்தார்கள், மூன்று நாள் மீன் அழுகியது, கஸ்பார் அழுகவில்லை. பங்குச்சாமியார் வீடு மந்திரிக்க வரும்போது கடைக்கும் வந்து கண்ணாடியில் தீர்த்தம் தெளித்து, பங்குப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே "பெட்டியில் வசிக்கிறார்" என்று எழுதிக்கொண்டு போனார். விளையாட வந்தவர்கள் காசு போட்டதும் "கஸ்பாரண்ணே, கொஞ்சம்" என்பார்கள், அவன் ஓரமாகச் சாய்ந்துகொள்வான், விமானம் வருகிற வழி தெரியும். கப்பலுக்குப் போகிறவர்கள் அவனிடம் சொல்லிக்கொண்டு போனார்கள், திரும்பி வந்தவர்கள் அத்தர் பாட்டிலைக் கண்ணாடி முன்னால் வைத்தார்கள்.

மகள் பபியோலா பெட்டியில் காசு விழுகிற கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேசப் பழகினாள். பள்ளிக்கூட மார்க் அட்டையில் தகப்பனார் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடிப்பாள், அவன் உள்ளேயிருந்து விரலால் கிறுக்கிக் காட்டுவான், அட்டையில் ஒன்றும் விழாது, டீச்சர் அந்த வெற்றிடத்தையே கையெழுத்தாக ஏற்றுக்கொண்டார். அவள் கல்யாணத்துக்குப் பெட்டியைப் பாட்டரியோடு மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம்; குடும்பப் படத்தில் நடுவில் பெட்டி நிற்கிறது, கஸ்பார் கை தூக்கி ஆசீர்வதிக்கிறான், அவன் கைக்கு மேலே ஒரு விமானம் வெடிக்கிறது.

ரெஜினாள் மைனி ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு டிபன் கேரியரோடு வருவாள். சோறு, குழம்பு, பொரித்த சாளை மீன், வெள்ளிக்கிழமை முட்டை. மூடியைத் திறந்து கண்ணாடி முன்னால் வைத்து, ஈ மொய்க்காமல் முந்தானையால் விசிறிக்கொண்டே வீட்டுச் சங்கதியைச் சொல்வாள். அரைமணி நேரம் கழித்து எழுந்து போவாள். வைத்த சோற்றைத் திருப்பிக் கொண்டுபோவது அபசகுனம் என்பதால் அதை நான் சாப்பிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் சாப்பிட்டேன். அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு, உப்பு குறைந்த நாட்களில் மட்டும் அது கொஞ்சம் குறையும்.

பம்பாயில் இருந்த அவள் அக்கா வா வா என்று கூப்பிட்டாள், தையல் கம்பெனியில் நல்ல வேலை, பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம். மைனி டிக்கெட் வரை வந்துவிட்டு, "அவுகளுக்கு யார் சோறு வைப்பா" என்று சொல்லி நின்றுவிட்டாள். எனக்கும் சிங்கப்பூர்க் கப்பலில் வேலை வந்தது. கடையை யார் திறப்பது, பெட்டியை யார் காப்பது. நானும் நின்றுவிட்டேன். யாருமில்லாத மத்தியானங்களில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கஸ்பாரிடம் எல்லாம் சொல்வேன், சொல்லக்கூடாததையும் சொல்வேன், அவன் தலையாட்டுவான். இந்த ஊரில் என்னை முழுசாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியிருக்கும்போது, முப்பத்து நான்காவது வருஷம் சித்திரையில், கஸ்பார் மங்க ஆரம்பித்தான். முதலில் சட்டைக் கோடு போயிற்று. அடுத்த வாரம் பொத்தான்கள். மைனி ஒருநாள் கேரியரைத் திறக்காமலே என்னைக் கூப்பிட்டு, "கொழுந்தனாரே, இவுக மீசை எங்க?" என்று கேட்டாள். ஆவுடையப்பனுக்கும் அப்போது எழுபது தாண்டியிருந்தது, குடலிறக்கத்துக்குப் பெல்ட் கட்டியிருந்தார், குனிந்து பின்கதவைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்து, நிமிராமலே சொன்னார்.

"ட்யூப் செத்துக்கிட்டிருக்கு. கரண்டைக் கூட்டிச் சூடேத்தி ரெண்டு தடவை உயிர் கொடுத்தாச்சு, இனி தாங்காது. கிறிஸ்மஸ் வரை இருந்தா அதிகம்."

"அப்புறம்?" என்றாள் மைனி.

"வேற மானிட்டர் மாத்தணும். பெட்டிக்குன்னா நான் நாளைக்கே மாத்திருவேன். இவுக அதுக்குள்ள வரணும்லா."

வருவதற்கு அவரே ஒரு வழியும் சொன்னார்: புதிய திரையைப் பழைய திரைக்கு நேர் எதிரே, ஒரு விரல் இடைவெளி விட்டு, முகத்தோடு முகம் வைத்தால், இதன் வெளிச்சம் அதில் விழும், கஸ்பார் வாசல் தாண்டுகிற மாதிரி தாண்டிவிடலாம். எந்தத் திரை என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியில் தெரு மூன்றாகப் பிரிந்தது.

பபியோலா ஒரு தட்டை மானிட்டர் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் கடையிலிருந்து புதிதாக, அட்டைப் பெட்டியோடு. "எடை இல்ல, சூடு இல்ல, இருபது வருஷம் நிக்கும் சித்தப்பா," என்றாள். ஆவுடையப்பன் அதைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார், அப்பளத்தைப் பார்ப்பதுபோல.

"இதுல படம் ஒரு கண்ணிமைப்பு தாமசமா வரும் பாப்பா. விளையாடுறவன் பட்டனை அமுக்கிக் கைய எடுத்த பிறகுதான் குண்டு கிளம்பும். உங்கப்பா நீ கேட்டதுக்குத் தலையாட்டுறதுக்குள்ள நீ அடுத்த பேச்சுக்குப் போயிருவ. கீழேயிருந்து பார்த்தா கருப்பாத் தெரியும். அதோட, இதுக்குள்ள ஆழம் எங்க இருக்கு? மனுஷன் நிக்க இடம் வேண்டாமா?"

கஸ்பார் உள்ளேயிருந்து அந்தத் தட்டையைப் பார்த்து மூன்று முறை தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. பாவம், பயப்படுகிறான் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினோம்.

இரண்டாவது, ரயிலடிப் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பறையில் கிடந்த பழைய கலர் டிவி. நல்ல தடித்த ட்யூப். ஆனால் அது படுக்கைவாட்டுத் திரை, பெட்டிக்குள் நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மூலைகளில் பச்சையும் ஊதாவும் திட்டுத் திட்டாக வரும், காந்தம் வைத்துத் தடவித் தடவி எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த டிவியில் பன்னிரண்டு வருஷம் ஒரே செய்திச் சேனல் ஓடியதில், செய்தி வாசிக்கிற ஒரு பெண் ஏற்கெனவே அதில் பதிந்திருந்தாள். தோளும் கொண்டையும் தெளிவாகத் தெரிந்தன.

"பொம்பள குடியிருக்கிற இடத்துல என் வீட்டுக்காரரை நான் எப்படிக் கொண்டுபோய் வைப்பேன்?" என்றாள் மைனி.

"அவ நிழல்தான் மைனி," என்றேன்.

"இவுக மட்டும் என்ன கறியும் எலும்புமாவா இருக்காக?"

டிவி லாட்ஜுக்கே திரும்பிப் போயிற்று. மறுத்தபோது கஸ்பாரின் முகம் கொஞ்சம் வாடியதை நான் பார்த்தேன், மைனியிடம் சொல்லவில்லை.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது நான். எங்கள் பெட்டி வந்த அதே கப்பலில் அதன் ஜோடிப் பெட்டி ஒன்றும் வந்து, கேட்டு யாரும் வராமல் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய கோடவுனில் கிடக்கிறது என்று எனக்கு ஒரு ஞாபகம். ஐந்து மாதம் அலைந்தேன். வைகாசியில் ஆரம்பித்து ஐப்பசியில் முடித்தேன். தேயிலைப் பெட்டிகளுக்கும் துருப்பிடித்த நங்கூரத்துக்கும் பின்னால், ஆணி அடித்த மரச்சட்டத்துக்குள், ஒருநாளும் மின்சாரம் பாயாத கன்னி ட்யூப். அதே அளவு, அதே வளைவு, அதே கம்பெனி முத்திரை. ஆவுடையப்பன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கஸ்பாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்போது அவன் கண்ணும் மூக்கும் மட்டும்தான் மிச்சம். கண்ணை மூடித் திறந்தான். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ட்யூபைக் கடைக்குக் கொண்டுவந்த அன்றைக்குத் தெரு முழுக்கத் தோரணம். ஆவுடையப்பன் அதைத் தலையணை போட்டு முகம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தார், அப்படித்தான் வைக்க வேண்டும், கனமெல்லாம் கண்ணாடி முகத்தில். பின்னால் இருக்கிற தண்டு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் தடிமன், முட்டை ஓட்டை விட மெல்லிசு. அவர் சாயங்காலம் வந்து மாட்டுவதாகச் சொல்லிவிட்டு வயர் வாங்கப் போனார். தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்களும் தொடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் புதிதாக ஒன்று வந்தால், படகானாலும் மணவாளப் பிள்ளையானாலும் கோயில் மணியானாலும், மாலை போடாமல் வரவேற்க மாட்டோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாலையோடு வந்தார்கள், மாலை போட அந்தத் தண்டைத் தவிர ட்யூபில் வேறு இடமில்லை. செவ்வந்தி, சம்பங்கி, கதம்பம், ஏலக்காய் மாலை என்று பத்து விழுந்தது. பதினொன்றாவது, தண்ணீர் தெளித்த ரோஜா மாலை, இருப்பதிலேயே பெரியது, கண்டுபிடித்தவன் என்கிற மிதப்பில் நான் வாங்கியது.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம், தண்டு ஒடிந்தது. பிறகு ஸ்ஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம், நீளமாக, பெருமூச்சு மாதிரி.

ஆவுடையப்பன் திரும்பி வந்து பார்த்தார். பதினோரு மாலையையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "காத்து புகுந்தா ட்யூப் செத்துச்சு. இனி அந்தத் தட்டைதான்," என்றார், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லோரும் கடைக்கு வந்தார்கள். உள்ளே கொள்ளாமல் தெருவிலும் நின்றார்கள். கஸ்பார் என்று சொல்ல இரண்டு கண்ணின் புள்ளிதான் இருந்தது. மைனி டிபன் கேரியரோடு முன்னால் நின்றாள், அன்றைக்கு வஞ்சிர மீன். பபியோலா தட்டை மானிட்டரை ஏந்தி வந்தாள். ஆவுடையப்பன் அதைப் பழைய திரைக்கு எதிரே, ஒரு விரல் இடைவெளி விட்டு, முகத்தோடு முகம் நிறுத்தினார். சாமியார் தீர்த்தம் தெளித்தார். அறுபது பேர் செபமாலை சொன்னோம்.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்று செபமாலை ஆரம்பித்தோம். அப்போது பழைய கண்ணாடியின் உள்பக்கம் யாரோ விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் அதற்குள்ளிருந்து வந்த முதல் சத்தம். பிறகு கண்ணாடி, ஜன்னல் கதவு மாதிரி, கீல் இல்லாத இடத்தில் கீல் இருப்பது மாதிரி, வெளியே திறந்தது. தட்டை மானிட்டரை ஒரு கை ஓரமாகத் தள்ளிவைத்தது. ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வந்தது, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன்போலக் கஸ்பார் தரையில் இறங்கி நின்றான். நீலக் கோடு சட்டை, மீசை, பொத்தான் எல்லாம் இருந்தது. முப்பத்தோரு வயது. ஒரு நரையில்லை.

"ஏல மிராந்தா," என்றான் என்னைப் பார்த்து, "அந்தத் தட்டைக்குள்ள எப்படில மனுஷன் இருப்பான்? முதுகைச் சாய்க்க இடம் இல்ல."

ஆவுடையப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார், மெக்கானிக் அல்லவா.

"அண்ணாச்சி, அந்தக் கண்ணாடி திறக்குமா?"

"திறக்குமே. உள்ளயிருந்து தள்ளணும்."

"எப்பயிருந்து?"

"முதல் நாளுலயிருந்தே," என்றான் கஸ்பார். மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. சோம்பல் முறித்தான். "ஒரு தடவ இறங்கிக்கூடப் பார்த்தேன். தேர் அன்னைக்கு, நீங்க எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீக. தெருமுனை வரைக்கும் நடந்துட்டு, ஒரு சர்பத் குடிச்சுட்டு, ஏறிட்டேன். வெயிலு. உள்ள அப்படி இல்ல பாத்துக்கோ. பசிக்காது, வேர்க்காது, யாரும் ஒரு வேலை சொல்ல மாட்டாக."

மைனி கேரியரைக் கீழே வைக்கவில்லை.

"பாப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்து பதினேழு நாள் கிடந்தாளே," என்றாள், மிகவும் மெதுவாக. "இங்க வந்து உங்ககிட்ட அழுதேனே."

"பார்த்தேனே. நீ நல்லா சமாளிச்ச ரெஜி."

"எங்கம்மா செத்த அன்னைக்கு?"

"வீட்டுல ஒரே கூட்டமா இருந்திருக்கும்லா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்பதற்கு முப்பத்து நான்கு வருஷத்துக் கேள்வி இருந்தது, பன்னிரண்டாயிரம் சோற்றின் கேள்வி இருந்தது, கேட்டால் அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடுவான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அவனைத் தாண்டிப் பெட்டியிடம் போனாள். திறந்து கிடந்த கண்ணாடியை, அலமாரிக் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினாள். அதில் ஒன்றுமில்லை, விமானம்கூட இல்லை, ட்யூப் அந்த நிமிஷத்தில்தான் முழுக்க அணைந்திருந்தது. தன் முகம் அதில் கருப்பாகத் தெரிவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக போயிட்டாக," என்றாள்.

"ரெஜி, நான் இங்க நிக்கேன்."

அவள் திரும்பி, அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள், வழி கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல. "இந்தத் தம்பி யாரு? வெளியூரா? யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுங்க. சாவு வீட்டுல வந்து நிக்காரு, பாவம்." சொல்லிவிட்டு முந்தானையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, அணைந்த கண்ணாடியில் நெற்றியை வைத்து, ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். உண்மையான ஒப்பாரி. அந்த அழுகையில் ஒரு சொட்டு நடிப்பு இருந்தது என்று சொல்கிறவன் அன்றைக்கு அங்கே இருந்தவன் இல்லை.

எங்கள் தெரு எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பெண்கள் மைனியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ கோயிலுக்குப் போய்த் துக்கமணி அடிக்கச் சொன்னார்கள். சாமியார் மட்டும் இரண்டு நிமிஷம் யோசித்தார், பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, "பெட்டியில் வசிக்கிறார்" என்பதற்குப் பக்கத்தில் அன்றைய தேதியையும் ஒரு சிலுவையையும் போட்டார்.

கஸ்பார் மகளிடம் போனான். "பாப்பா, நீ சொல்லேன். நான் உன் அப்பால்லா."

பபியோலா அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்தாள். "நான் உங்களைவிட அஞ்சு வயசு மூத்தவ. மரியாதையா பேசுங்க தம்பி."

பிறகு என்னிடம் வந்தான். என் கையைப் பிடித்தான், பிடி சூடாக இருந்தது, சின்ன வயதில் கடலில் நான் முங்கியபோது இழுத்துப் போட்ட அதே கை. "ஏல, நீயாச்சும் சொல்லுல. உனக்குத் தெரியாததா."

நான் அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்: "சிங்கப்பூர் வேலைய வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு உன் முன்னால உக்காந்து ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்?"

கஸ்பார் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ நிறைய பேசுவியேடே," என்றான். "நான் பாதி கேக்க மாட்டேன். சும்மா தலைய ஆட்டுவேன்."

நான் என் கையை விடுவித்துக்கொண்டேன். "தம்பி யாரைப் பார்க்க வந்தீக?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அடக்கம். தச்சர் வந்து பெட்டியிலிருந்து கழற்றிய ட்யூபை அளந்து, முன்பக்கம் அகலமும் பின்பக்கம் குறுகலுமாக ஒரு சவப்பெட்டி அடித்தார். உள்ளே வெள்ளைத் துணி விரித்து, ட்யூபை வைத்து, மைனி அன்றைக்குக் கொண்டுவந்த சோற்றையும் கேரியரோடு அதன் பக்கத்தில் வைத்தாள். அந்த வஞ்சிரத் துண்டைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

எங்கள் வழக்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியில் கொண்டுபோவதில்லை, தோளில்தான். நான்கு பேர் வேண்டும். எங்கள் இளவட்டங்கள் பாதி துறைமுக ஷிப்டில், பாதி வளைகுடாவில். நான் ஒரு மூலை பிடித்தேன். தச்சர் ஒரு மூலை. மணியடிக்கிற கோயில் பிள்ளை ஒரு மூலை. ஆவுடையப்பன் நாலாவது மூலைக்கு வந்தார், குனிந்தார், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். முன்பக்கம் அவ்வளவு கனம். சுற்றிப் பார்த்தோம், நின்ற ஆண்களெல்லாம் அறுபதுக்கு மேலே, எழுபதுக்கு மேலே.

"அந்த வெளியூர்த் தம்பியைக் கூப்பிடுங்க," என்றாள் மைனி. "தோள் நல்லா இருக்கு."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கஸ்பார் எழுந்து வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை, யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பக்கத்து மூலைக்குத் தோள் கொடுத்தான். தூக்கினோம். மணி அடித்தது, மைனி பின்னால் அழுதுகொண்டே நடந்தாள், கிளிஞ்சல் தெரு முழுவதும் அவளுக்குப் பின்னால் நடந்தது.

பாதி வழியில், மூச்சு வாங்கிக்கொண்டு, தோள் மாற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டான். யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.